பாமினியில் தட்டிய பட்டியலுக்குப் பெயர்ச்சுட்டி போடுவது எப்படி?

மாங்கேணி, வாகரைப் பக்கத்தில் 2004 சுனாமியையும் 2006–07 இடப்பெயர்வையும் கடந்துவந்த பெயர்ப் பட்டியல்கள் சில, இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய வேர்ட் கோப்புகளாகவே கிடக்கின்றன. இறந்தவர்களினதும் காணாமல் ஆக்கப்பட்டவர்களினதும் பெயர்கள் அவை. அவற்றைப் புத்தகமாக்க நினைப்பவர்கள், உள்ளடக்கமும் பெயர்ச்சுட்டியும் தானாக வராதா என்று கேட்கிறார்கள். மாங்கேணியில் அப்படியொரு கோப்போடு சில நாட்கள் இருந்து பார்த்தேன். உள்ளடக்கம் சுலபம். பெயர்ச்சுட்டியில்தான் ஆட்கள் தொலைந்துபோவார்கள்.

உள்ளடக்கம் வெறுமையாக வந்தால், தலைப்புகளைக் கையால் தடிப்பாக்கிப் பெரிதாக்கி மட்டும் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். அவற்றுக்கு 'ஹெடிங் 1' ஸ்டைல் கொடுங்கள். உள்ளடக்கத்தில் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடந்தால், 'டிஓசி 1' ஸ்டைலின் எழுத்துரு டைம்ஸ் நியூ ரோமனாக இருக்கும். அதைப் பாமினியாக்கினால் போதும்.

பெயர்ச்சுட்டி அப்படியல்ல. பாமினி நம் கண்ணுக்குத்தான் தமிழ். கணினிக்கு அது ஆங்கிலம். அதில் 'அ' என்பது எம், 'ய' என்பது ஏ, 'இ' என்பது வெறும் காற்புள்ளி. ஆகவே வேர்ட் அடுக்கும்போது இ-யில் தொடங்கும் பெயர்கள் குறியீடுகளோடு தலைப்பில் போய் நிற்கும். பிறகு ய, உ, ந, க, ப, த, ம என்று போய், அதற்குப் பின்தான் அ வரும். கொம்பு முதலில் தட்டப்படுவதால் செல்லம்மா, வேலுப்பிள்ளை, யோகராசா மூவரும் 'என்' எழுத்தின் கீழ் ஒன்றாகக் கிடப்பார்கள். போதாக்குறைக்கு, பாமினியின் மெய்ப்புள்ளி உள்ளே அரைப்புள்ளி. சுட்டிப் பதிவில் அரைப்புள்ளிக்குப் பின் வருவதை வரிசைக் குறிப்பாக எடுத்துக்கொள்வது வேர்டின் வழக்கம். கையால் தட்டிய பெயர் பாதியில் வெட்டுப்படலாம். பிள்ளையின் பெயரை 'செ'-யில் தேடும் தாய்க்கு, அது புத்தகத்தில் இருந்தும் இல்லாததுதான்.

இதற்கு ஒட்டுப்போடும் வழிகளைத் தேடி மினக்கெடாதீர்கள். கோப்பின் பிரதியொன்றை எடுத்து யுனிகோடுக்கு மாற்றுங்கள். என்எச்எம் கன்வேட்டர் போன்ற இலவச மென்பொருள்கள் பாமினியை மாற்றித்தரும். மாற்றிய பிறகே ஸ்டைல்களையும் சுட்டி அடையாளங்களையும் போடுங்கள். முன்பே போட்டவை வெட்டி ஒட்டும்போது அழிந்துவிடும்.

மாற்றியதும் அடையாள அட்டை இலக்கங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பழைய அட்டையின் ஒன்பது இலக்கங்களுக்குப் பின் வரும் ஆங்கில 'வி', 'ஏ' என்ற தமிழ் எழுத்தாகிவிடும். 'எக்ஸ்' 'ஓ' ஆகும். ஆணைக்குழுவுக்கோ காணாமல் போனோர் அலுவலகத்துக்கோ போகிற பட்டியலில் இது சிறிய பிழையல்ல.

பெயரைத் தெரிவுசெய்து ஆல்ட், ஷிஃப்ட், எக்ஸ் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் அடையாளப் பெட்டி திறக்கும். முதலெழுத்தைப் பெயருக்குப் பின்னால் போடுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் தகப்பன் பெயரின் எழுத்தில் அடுக்கப்படுவார்கள். இராசம்மா, ராசம்மா என இரு விதமாக எழுதப்பட்டவருக்கு ஒன்றிலிருந்து மற்றதற்கு 'பார்க்க' என்று குறுக்குக் குறிப்புக் கொடுங்கள்.

கடைசியில் மறை அடையாளங்களைத் திரையிலிருந்து ஒளித்துவிட்டு, சுட்டியில் கர்சரை வைத்து எஃப் 9 அழுத்துங்கள். அவை தெரிகிற நிலையில் புதுப்பித்தால் வரிகள் நீண்டு, பக்க எண்கள் தவறாக விழும்.