சாமுவேல் ஃபூட் (1720–1777)

பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனின் நகைச்சுவை நடிகர், நாடகாசிரியர், அரங்க உரிமையாளர். கார்ன்வாலின் ட்ரூரோ நகரில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டு வூஸ்டர் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டு, பெயருக்குச் சட்டம் பயின்று, ஊதாரித்தனத்தால் கடன்காரர் சிறையையும் கண்டார். 1741-ல் அவருடைய தாய்மாமன்களில் ஒருவர் மற்றவரைக் கப்பலில் அடைத்துக் கொல்லச் செய்தார். அந்தக் குடும்பக் கொலையைப் பற்றிச் சிறுநூல் எழுதி விற்கவும் ஃபூட் கூசவில்லை.

1744-ல் சார்லஸ் மாக்ளினிடம் பயின்று ஒத்தெல்லோவாக மேடையேறினார். சோக வேடம் பொருந்தவில்லை. பிறரைப் போலப் பேசி நடித்துக் காட்டுவதில்தான் அவருக்கு நிகர் இல்லை. ஆனால் 1737-ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் ட்ரூரி லேன், கோவென்ட் கார்டன் அரங்குகளைத் தவிர மற்ற இடங்களில் கட்டணம் வாங்கி நாடகம் போடுவதைத் தடுத்தது. 1747-ல் ஹேமார்க்கெட் அரங்கில் சக நடிகர்களைக் கேலி செய்து அவர் நடத்திய காட்சியை அதிகாரிகள் நிறுத்தினர். உடனே, நண்பர்களைச் சாக்லேட் பானம் அருந்த அழைப்பதாக விளம்பரம் கொடுத்தார். பின்னர் அதுவே மாலைத் தேநீர் ஆனது. பானம் தயாராகும்வரை இளம் நடிகர்களுக்குப் பயிற்சி தருவதாகப் பாவனை செய்து, பழைய கேலியையே அரங்கேற்றினார். சட்டம் வாயடைத்துப்போனது, கூட்டம் நிரம்பியது.

1760-ல் எழுதிய 'தி மைனர்' நாடகத்தில் மெத்தடிஸ்ட் பிரசாரகர் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டைச் சாடினார். அவருடைய மாறுகண்ணைக்கூட விட்டுவைக்கவில்லை. இந்தக் கொடுமை ஃபூட்டின் கலையோடு ஒட்டிப் பிறந்தது.

1766-ல் குதிரையிலிருந்து விழுந்து ஒரு காலை இழந்தார். முரட்டுக் குதிரையில் ஏற்றிவிட்டது யார்க் கோமகன் இருந்த விருந்துக் குழுவின் விளையாட்டு. அதற்கு ஈடாகக் கோமகன் முயன்று, கோடைக்காலத்தில் ஹேமார்க்கெட்டில் நாடகம் நடத்த அரச உரிமம் வாங்கித் தந்தார். இருபது ஆண்டு தந்திரங்களால் கிடைக்காதது ஒரு காலுக்குக் கிடைத்தது. பொய்க்காலோடு நடிக்கத் தோதாக 'இரு கோல் ஊன்றிய பிசாசு' (1768), 'நொண்டிக் காதலன்' (1770) ஆகியவற்றைத் தானே எழுதிக்கொண்டார்.

இந்திய வாசகருக்கு முக்கியமானது 'தி நபாப்' (1772). கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் பணம் குவித்துத் திரும்பிய சர் மேத்யூ மைட், அந்தச் செல்வத்தைக் கொண்டு பாராளுமன்ற இடத்தை விலை பேசுகிறான். கம்பெனியின் நடவடிக்கைகளைப் பாராளுமன்றக் குழு விசாரித்த அதே ஆண்டில் இது மேடையேறியது.

1775-ல் கிங்ஸ்டன் கோமகளைக் கேலி செய்து எழுதிய நாடகத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கோமகளின் தரப்பினர் பத்திரிகையில் ஃபூட்டைத் தூற்றினர். 1776-ல் முன்னாள் பணியாள் ஒருவர் அவர்மீது பாலியல் குற்றம் சாட்ட, நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. ஆனாலும் உடலும் மனமும் தளர்ந்து, ஆண்டுக்கு 1,600 பவுண்டு பெறுவதாக ஒப்பந்தம் செய்து அரங்கை ஜார்ஜ் கோல்மனிடம் ஒப்படைத்தார். பிரான்சுக்குப் புறப்பட்டவர், 1777 அக்டோபர் 21-ல் டோவரில் இறந்தார். உடல் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

உயிரோடிருந்தவர்களின் குரலையும் நடையையும் நம்பி எழுதியதால், அவர்கள் மறைந்ததும் ஃபூட்டின் நாடகங்களில் பெரும்பாலானவை மேடையிலிருந்து மறைந்தன. 'தி நபாப்' மட்டும் கம்பெனி வரலாற்றை ஆராய்வோரால் இன்றும் படிக்கப்படுகிறது.