அந்தக் குழந்தைக்கு இப்போது என்ன வயது?



ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 23 அன்று நாங்கள் பேட்டையிலிருந்து பேருந்து ஏறி, டவுன், ஜங்ஷன் தாண்டி, சுலோச்சன முதலியார் பாலத்தைக் கடந்து கொக்கிரகுளத்தில் இறங்குவோம். ஆற்றில் மலர் தூவுவோம். 1999-இல் அந்த இடத்தில் மாண்டுபோன 17 பேரின் பெயர்களை வாசிப்போம். முழக்கமிடுவோம். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவோம். இனியும் இதைச் செய்யத்தான் போகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், திரும்பி வரும் பேருந்தில், எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் கல்லூரி மாணவி ஒருத்தி கேட்டாள்: “அந்தப் பிள்ள சாவாம இருந்திருந்தா இப்ப என்ன வயசுக்கா இருக்கும்? என்ன செஞ்சிக்கிட்டு இருக்கும்?”

வயதைச் சொல்லிவிட்டோம். இரண்டு வயதுகூட நிரம்பாமல் தாயோடு ஊர்வலத்துக்கு வந்த குழந்தை அது, கூட்டல் கணக்குதான். இரண்டாவது கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. ஆண்டுக்கணக்காக அந்தச் சாவைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும் எங்களுக்கு, அந்தக் குழந்தை வளர்ந்து நிற்பதை ஒருமுறைகூட மனத்தில் பார்க்கத் தோன்றவில்லை. இந்த உரை அந்த வெட்கத்திலிருந்து தொடங்குகிறது.

அன்று நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறோம். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும், போராடிச் சிறைக்குப் போனவர்களின் விடுதலைக்காகவும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் வந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். காவல்துறை தடியடி நடத்தியது. ஒருபுறம் தடி, மறுபுறம் தாமிரபரணி. அரசு அமைத்த விசாரணை ஆணையம், இறந்தவர்களில் பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்ததாகச் சொன்னது. மூழ்கினார்கள், உண்மைதான். ஆற்றுக்குள் யாரும் குளிக்க இறங்கவில்லை.

இதை எழுத நமக்குப் பழக்கப்பட்ட வடிவங்கள் இருக்கின்றன. உண்மை அறியும் குழு அறிக்கை, வழக்கு மனு, தன்வரலாறு, அஞ்சலிக் கவிதை. எல்லாமே சாட்சி சொல்லும் வடிவங்கள். அவை இல்லாமல் நாம் இல்லை. ஆனால் சாட்சிக்கூண்டில் நிற்பவரிடம் யாரும் ‘அடுத்து என்ன’ என்று கேட்பதில்லை. நடந்ததை மட்டும் சொல் என்பார்கள். தலித் இலக்கியத்திடம் தமிழ்ச் சூழல் கேட்டதும் அதைத்தான். ‘உங்கள் வலியை எழுதுங்கள்’ என்றார்கள். எழுதினோம். எதிர்காலத்தை எழுதுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. நாமும் அது நம் வேலையில்லை என்று இருந்துவிட்டோம்.

இந்த இடத்தில் கறுப்பின மக்களிடம் போக வேண்டியிருக்கிறது. அங்கும் ஓர் ஆறு இருக்கிறது.

1803-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாக் கரையோரத்தில் உள்ள செயின்ட் சைமன்ஸ் தீவுக்கு, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட இக்போ மக்களைப் படகில் கொண்டுபோனார்கள். அவர்கள் படகைக் கைப்பற்றினார்கள். கரையில் அடிமையாக ஏறுவதைவிடச் சாவதே மேல் என்று அங்கிருந்த நீர்க்கழிக்குள் நடந்து இறங்கினார்கள். பலர் மூழ்கி இறந்தார்கள். ஆவணம் சொல்வது இவ்வளவுதான். அந்தக் கரையோரத்துக் கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொன்ன கதை வேறு. அந்த மக்கள் மூழ்கவில்லை. தண்ணீர்மேல் நடந்தே ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிப் போனார்கள் என்றார்கள். சிலர் பறந்து போனார்கள் என்றார்கள். டோனி மாரிசன் 1977-இல் எழுதிய ‘சாங் ஆஃப் சாலமன்’ நாவலுக்குள் பறந்துபோன மனிதரின் இந்தக் கதைதான் உயிராக ஓடுகிறது.

இன்னொன்று நம் மாணவர்களுக்குப் பிடிக்கும். டெட்ராய்ட் நகரத்தில் ‘டிரெக்சியா’ என்ற பெயரில் இரண்டு கறுப்பினக் கலைஞர்கள் மின்னிசை செய்தார்கள். 1997-இல் வந்த அவர்கள் தொகுப்பின் உறையில் ஒரு கற்பனைக் கதை அச்சாகியிருந்தது. அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் வீசப்பட்ட கர்ப்பிணிகளின் வயிற்றுப் பிள்ளைகள் சாகவில்லை. பனிக்குடத்தில் மூச்சுவிட்ட பழக்கத்தால் கடலுக்கடியிலும் மூச்சுவிட்டு வளர்ந்து, அங்கே ஒரு நாட்டையே கட்டிக்கொண்டார்கள் என்கிறது அந்தக் கதை. இதையெல்லாம் சேர்த்து ‘ஆப்ரோஃப்யூச்சரிசம்’ என்று 1990களில் பெயரிட்டவர் ஒரு வெள்ளைக்கார விமர்சகர். நமக்குப் பெயர் வைக்க எப்போதும் யாராவது வந்துவிடுகிறார்கள், போகட்டும்.

இரண்டு ஆறுகளையும் அப்படியே பொருத்திவிடவும் முடியாது. இக்போக்கள் தாமே தண்ணீரைத் தேர்ந்துகொண்டார்கள். நம்மவர்கள் அடித்து இறக்கப்பட்டார்கள். அவர்கள் கூலி கேட்டு வந்தவர்கள், வீடு திரும்ப நினைத்தவர்கள். ஆனாலும் கதை செய்கிற வேலை ஒன்றுதான். கொன்றவன் எழுதிய கடைசி வரியை அது கடைசி வரியாக இருக்க விடுவதில்லை.

நம் பள்ளத்தாக்கில் இப்படி ஒரு கதை இல்லையா என்று கேட்டால், இருக்கிறது, வில்லுப்பாட்டில் இருக்கிறது. முத்துப்பட்டன் கதை. பிராமணனாகப் பிறந்த முத்துப்பட்டன், பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் குலத்து அக்கா தங்கை இருவரை மணக்கக் கேட்கிறான். அவர்கள் அப்பன் வாலப்பகடை உடனே தலையாட்டிவிடவில்லை. குடுமியை அறு, பூணூலைக் கழற்று, செருப்புத் தைத்துக் கொண்டுவா, பிறகு பேசுவோம் என்கிறான். முத்துப்பட்டன் தைத்துக் கொண்டுவருகிறான். கல்யாணம் நடக்கிறது. மாமனாரின் மாட்டுக் கிடையைக் கள்ளர்களிடமிருந்து காக்கப்போய்ச் சாகிறான். பெண்கள் இருவரும் தீப்பாய்கிறார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்று பட்டவராயனாக இருப்பவன் அவன்தான். நேர்ந்துகொண்டவர்கள் இன்றும் அவனுக்குத் தோல்செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள்.

வாலப்பகடையின் நிபந்தனையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ‘நீ எங்களை உன் இடத்துக்கு ஏற்றிக்கொள்’ என்று அவன் கேட்கவில்லை. ‘நீ இறங்கி வா, தோலைத் தொடு, ஊசி பிடி’ என்கிறான். சாதி ஒழிப்பு எந்தத் திசையில் நடக்க வேண்டும் என்று அந்தப் பாட்டைக் கட்டியவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் காலத்தில் அப்படி ஓர் உலகம் எங்கும் இல்லை. இல்லாத உலகத்தை உடுக்கையும் குடமும் வில்லும் வைத்து ஒரு ராத்திரி முழுக்க ஊர் நடுவில் நிறுத்திக் காட்டினார்கள். எதிர்காலத்தைக் கற்பனை செய்வது என்பது இதுதான், விண்கலம் தேவையில்லை.

அதனால்தான் அந்தக் கதையில் கை வைத்தார்கள். பின்னால் வந்த வடிவங்களில், பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கைவிடப்பட்டு வாலப்பகடை எடுத்து வளர்த்தவர்கள் என்று ஒரு முன்கதை ஒட்டப்பட்டது. இந்தக் கதையைப் பதிப்பித்த நம் ஊர் அறிஞர் நா. வானமாமலை இந்த மாற்றத்தை எடுத்துக்காட்டியிருக்கிறார். மதுரைவீரனுக்கும் இதையே செய்தார்கள். அவனும் அரசன் பெற்றுக் காட்டில் விட்ட பிள்ளையாகிவிட்டான். 1956-இல் வந்த எம்.ஜி.ஆர். படம் அதைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிறப்பை மாற்றிவிட்டால் போதும், கலப்புமணம் காணாமல் போய்விடும்; சாதி பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிடும். ஒரு கதையைத் திருத்த இவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள் என்றால் அதன் வலிமையை நம்மைவிட அவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள் என்று பொருள்.

நமக்கும் அந்தக் கதையோடு ஒரு சண்டை உண்டு. அங்கே நாயகன் பிராமணன். எரிவது நம் பெண்கள். சாதியில்லாத ஒரு நாளைக் காட்டிய பாட்டு, அந்த நாளுக்கு இரண்டு பெண்களைத் தீயில் விலையாகக் கேட்கிறது. பொம்மக்காவும் திம்மக்காவும் உயிரோடு திரும்பி வந்து மாட்டுக் கிடையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு முத்துப்பட்டன் கதையை நாம் இன்னும் எழுதவில்லை.

கதையை இப்படி எடுத்துத் திருப்பி எழுதும் துணிச்சல் பண்டிதர் அயோத்திதாசரிடம் இருந்தது. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதே நம்மைப் பூர்வத் தமிழர் என்று பதியச் சொன்னவர். 1898-இல் கொழும்பு சென்று பௌத்தம் தழுவினார். 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, 1914-இல் இறக்கும்வரை நடத்தினார். நாம் தாழ்ந்தவர்களாகப் பிறந்தவர்கள் அல்ல, தாழ்த்தப்பட்ட பௌத்தர்கள் என்று இந்த நாட்டின் வரலாற்றையே மாற்றி எழுதினார்; தீபாவளிக்கும் கார்த்திகைத் தீபத்துக்கும் பௌத்த விளக்கம் தந்தார். இதற்குக் கல்வெட்டு இருக்கிறதா, செப்பேடு இருக்கிறதா என்று ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். சமூகவியல் படித்த நாமும் ஒருகாலத்தில் அப்படித்தான் கேட்டோம். இப்போது வேறு மாதிரிப் படிக்கிறோம். இறந்தகாலம் பறிக்கப்பட்டவர்களுக்கு எதிர்காலத்துக்குப் போகும் வழியும் அடைபட்டிருக்கும். முன்பு ஒருநாள் சமமாக இருந்தோம் என்று சொல்ல முடிந்தவனால்தான் மீண்டும் சமமாவோம் என்று சொல்ல முடியும். பண்டிதர் நேற்றைப் பற்றி எழுதியதெல்லாம் நாளைக்காக.

தமிழ் அறிவுலகம் அவரை எண்பது ஆண்டுகளுக்கு மேல் மறந்திருந்தது. ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ நம் பாளையங்கோட்டையிலிருந்துதான், தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மைய வெளியீடாக, 1999-இல் வந்தது. அதே 1999. ஆற்றங்கரையில் 17 பேர் செத்த ஆண்டில், அங்கிருந்து சில கிலோமீட்டரில், பண்டிதர் திரும்பி வந்தார். அந்த ஆண்டை நினைக்கும்போது நாங்கள் முதலாவதை மட்டும் நினைத்துப் பழகிவிட்டோம்.

கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களோடு நமக்கான உறவு புதிதல்ல. ஜோதிராவ் புலே 1873-இல் ‘குலாம்கிரி’ நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். 1946 ஜூலையில் அண்ணல் அம்பேத்கர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா. அவைக்குக் கொடுத்த மனுவின் படி கிடைக்குமா என்று கேட்டார். டு பாய்ஸ் அந்த மாதத்துக்குள்ளேயே பதில் எழுதிவிட்டார். மனு பற்றிய இந்தக் கடிதங்கள் நமக்குத் தெரியும். அதே டு பாய்ஸ் அறிவியல் புனைகதை எழுதியவர் என்பது பலருக்குத் தெரியாது.

1920-இல் வந்த அவருடைய ‘டார்க்வாட்டர்’ நூலில் ‘வால்மீன்’ என்றொரு கதை உண்டு. ஜிம் ஒரு வங்கியின் கறுப்பின ஏவலாள். யாரும் போக விரும்பாத நிலவறைக்கு அவனை அனுப்புகிறார்கள். அவன் மேலே வருவதற்குள் வால்மீனின் நச்சுக்காற்றில் நியூயார்க் முழுக்கச் செத்துக்கிடக்கிறது. தாழ்ந்த வேலைக்கு அனுப்பப்பட்டதால் பிழைத்தவன் அவன். பிழைத்த இன்னொருத்தி பணக்கார வெள்ளைப் பெண். உலகத்தில் தாங்கள் இருவர்தான் மிச்சம் என்று நினைத்த அந்தச் சில மணி நேரம் நிறம் மறைந்து மனிதர் தெரிகிறார்கள். பிறகு அவள் தகப்பன் ஆட்களோடு வந்துவிடுகிறான். செத்தது நியூயார்க் மட்டும்தானாம். பழைய உலகம் அந்த நிமிடமே திரும்பிவிடுகிறது. கடைசியில் ஜிம்மின் மனைவி வருகிறாள், கையில் இறந்த குழந்தையோடு.

உலகமே அழிந்தாலும் நிறவெறி பிழைத்துக்கொள்ளும் என்கிற கசப்பு அந்தக் கதையில் இருக்கிறது. அரசிடம் மனு எழுதிய அதே கை இதையும் எழுதியது. மனுவில் கேட்க முடியாத கேள்விகள் உண்டென்று அவருக்குத் தெரியும்.

நம் பக்கத்தில் அப்படிக் கேட்டவர் மாரி செல்வராஜ். அவருடைய சிறுகதைத் தொகுப்பின் தலைப்பு ‘தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்’. கொல்லப்பட்டவர்கள் என்று எழுதத்தான் நம் எல்லோர் கையும் போயிருக்கும். ‘பரியேறும் பெருமாள்’ படம் 2018-இல் வந்தது. அதன் கடைசிக் காட்சியில் இரண்டு டீ கிளாஸ்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, நடுவில் ஒரு பூ. இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. 2021-இல் வந்த ‘கர்ணன்’ பார்த்தவர்களுக்கு, 1995 ஆகஸ்டில் காவல்துறை புகுந்து நாசமாக்கிய கொடியங்குளம் நினைவுக்கு வராமல் இருக்காது. படத்து ஊர் அடிவாங்கியதோடு நிற்கவில்லை. அந்த முடிவில் உள்ள வன்முறை பற்றி எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது, இன்னும் முடியவில்லை. ஆனால் நடந்த சம்பவத்துக்கு வேறொரு முடிவை யோசிக்கும் உரிமை நமக்கு உண்டு என்பதில் விவாதமில்லை.

மாஞ்சோலைக்கே திரும்புவோம். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் மலைக்காட்டை பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. பொம்மக்காவும் திம்மக்காவும் தீப்பாய அனுமதி கேட்டுப் போனதாகப் பாட்டு சொல்லுமே, அதே சிங்கம்பட்டி. ஜமீன் ஒழிப்புக்குப் பின் நிலம் அரசுடையதானது, குத்தகை தொடர்ந்தது. அது 2028-இல் முடிகிறது. 2024-இல் நிறுவனம் விருப்ப ஓய்வு என்று சொல்லித் தொழிலாளர்களை மலையிலிருந்து இறங்கச் சொன்னது. அங்கேயே பிறந்து அங்கேயே தாய் தகப்பனைப் புதைத்தவர்கள் அவர்கள்.

1929-இல் ஒரு ஜமீனும் ஒரு கம்பெனியும் உட்கார்ந்து 2028 வரை கற்பனை செய்திருக்கிறார்கள். அந்தப் பத்திரமும் எதிர்காலம் பற்றிய கதைதான். முத்திரைத்தாளில் எழுதிய கதை. அந்தக் கதையில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு நாள்கூலிக்கு மேல் ஒரு நாளும் ஒதுக்கப்படவில்லை. இப்போது அந்த மலை காடாகத் திரும்ப வேண்டும், புலிகளுக்கு வேண்டும் என்கிறார்கள். புலி வாழட்டும். நான்கு தலைமுறையாக அந்த மலையை அறிந்தவர்கள் அந்தக் காட்டின் நாளையில் எங்கே நிற்பார்கள் என்று கேட்டால் மட்டும் வீட்டு மனைப்பட்டா பற்றிப் பேசுகிறார்கள்.

பேருந்தில் கேள்வி கேட்ட மாணவி, எங்களிடம் பதில் வராததால், தானே எழுதத் தொடங்கிவிட்டாள். கோடு போட்ட நோட்டில் ஏழெட்டுப் பக்கம். 2028-இல் நடக்கிற கதை. கல்லிடைக்குறிச்சியில் மாஞ்சோலைப் பேருந்து ஏறுகிறான் ஒருவன், முப்பது வயது, கையில் டீ பாட்டில். மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் நிறுத்தி, எந்த ஊர், யாரைப் பார்க்கப் போகிறாய் என்று கேட்கிறார்கள். அவன் பதில் சொல்ல வாயைத் திறக்கிற இடத்தில் நோட்டு நின்றிருந்தது.

எங்களில் மூத்தவர்கள் சிலருக்கு இது சரியாகப் படவில்லை. உண்மையில் செத்த பிள்ளையை வைத்துக் கதை கட்டலாமா, பெற்றவர்கள் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்றார்கள். நியாயமான கேள்வி. பெற்றவர்களைக் கேட்காமல் அதை அச்சிடப் போவதில்லை. அவளோ அவன் என்ன வேலை பார்க்கிறான் என்று இன்னும் முடிவுசெய்யவில்லை என்கிறாள். வனக்காவலர் என்று ஒருநாள் எழுதி அடித்துவிட்டாள். வில்லுப்பாட்டுக்காரன் என்று எழுதி அதையும் அடித்துவிட்டாள். வருகிற ஜூலை 23-க்குள் முடித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். பெயர்களை வாசித்து முடித்தபின் ஆற்றங்கரையில் அவளுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.