செயற்கைக்கோள்வழிக் காட்டுத்தீ ஆய்வு: சேலம், நாமக்கல் மலைகள்

சேலம், நாமக்கல் சமவெளியை அடுத்துள்ள சேர்வராயன் மலை, போதமலை, கொல்லிமலை ஆகியவற்றின் சரிவுகளில் கோடைதோறும் பற்றும் தீயை விண்ணிலிருந்து கண்டறிந்து அளக்கும் ஆய்வு இது. இச்சரிவுகளில் இலையுதிர் காடும் முட்புதர்க் காடுமே மிகுதி என்பதால், பிப்ரவரி தொடங்கிச் சருகும் காய்ந்த புல்லும் தரையில் குவிகின்றன. 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டதைப் போன்ற காலங்களில் அக்குவியல் முன்னதாகவே உலர்ந்துவிடுகிறது.

எரியும் நிலம் ஏறத்தாழ 4 மைக்ரோமீட்டர் அலைநீள அகச்சிவப்புக் கதிரை மிகுதியாக உமிழ்வதால், சுற்றியுள்ள நிலத்தோடு ஒப்பிட்டுத் தீப்புள்ளி கணிக்கப்படுகிறது. டெர்ரா, அக்வா செயற்கைக்கோள்களின் மோடிஸ் கருவி 1 கிலோமீட்டர் அளவிலும், சுவோமி என்பிபியின் விர்ஸ் கருவி 375 மீட்டர் அளவிலும் இதைக் காட்டுகின்றன. டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் இத்தகவலை மாநில வனத்துறைகளுக்கு அனுப்பி வருகிறது.

தீப்புள்ளி ஒவ்வொன்றும் காட்டுத்தீ ஆகாது. காவிரிக் கரையில் மோகனூர், பரமத்தி வேலூர் வயல்களில் அறுவடைக்குப்பின் கொளுத்தப்படும் கரும்புச் சோகையும் மேட்டூர் அனல்மின் நிலையத்தின் வெப்பமும் அவ்வாறே பதிவாகக்கூடும் என்பதால், வன எல்லை வரைபடத்தை மேலிட்டு அவற்றை விலக்க வேண்டும். மரநிழலின்கீழ் ஊர்ந்து செல்லும் சிறு தரைத்தீயோ, செயற்கைக்கோள் கடந்து சென்றபின் மூண்டு அடுத்த சுற்றுக்குள் அணைந்ததோ தப்பிவிடும். அவற்றின் தடத்தை 10 முதல் 20 மீட்டர் நுணுக்கமுள்ள சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களில் தேடலாம். ஆயினும் இலையுதிர்ந்த சரிவு எரிந்த சரிவைப்போலவே தோன்றக்கூடுமாதலால், முந்தைய ஆண்டுகளின் அதே மாதப் படங்களோடு ஒப்பிடுவதே நம்பத்தக்க முறையாகும்.