பழமரம் நடுகிறவர்கள்

சென்ற வாரம் ஜோகூரின் கம்பீர்த் தோட்டங்களைப் பார்த்தோம். மண் சத்திழந்ததும் பயிரிட்டவர்கள் அந்த இடத்தைக் கைவிட்டு, அடுத்த ஆற்றங்கரையில் புதுக் காட்டை வெட்டப் போய்விடுவார்கள். கம்பீர், இடம் பெயர்கிறவனின் பயிர். பழமரம் அப்படியல்ல. சிகாமட்டில் டுரியான் கொட்டையை ஊன்றியவர், அது காய்க்கும்வரை அங்கேயே இருப்பது என்று முடிவெடுத்தவர்.

டுரியான் பூக்க மழை விட்டுச் சில வாரமாவது வெயில் காய வேண்டும். ஏப்ரிகாட்டுக்கோ குளிர் வேண்டும். பனிக்காலம் முழுக்க விறைத்துக் கிடந்த கிளையில், இலைகூடத் துளிர்க்காத நேரத்தில், வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூ வந்து அப்பிக்கொள்ளும். அதன் தாவரவியல் பெயரிலேயே ஒரு நாடு இருக்கிறது: புரூனஸ் ஆர்மீனியாக்கா.

ஆர்மீனியாவின் பூமரங்களையும் மலைகளையும் திரும்பத் திரும்ப வரைந்தவர் மார்த்திரோஸ் சர்யான். முன்னால் பூத்த மரங்கள், பின்னால் நீலமும் ஊதாவுமாக மலைகள். அவர் நிழலுக்குக்கூடக் கறுப்பைத் தேடிப் போகமாட்டார். நீலத்தை அள்ளிப் பூசுவார். பார்த்தால் துன்பமே அறியாதவர் வரைந்த படம் போலிருக்கும்.

அறியாதவரா? 1880இல் ரஷ்யாவின் தோன் நதிக்கரையில், ஆர்மீனியர் குடியேறிய ஊரில் பிறந்தார். மாஸ்கோவில் ஓவியம் கற்றார். 1915இல் ஒட்டோமான் பேரரசில் ஆர்மீனியர்கள் கொன்று குவிக்கப்பட்டபோது, தப்பி வந்த அகதிகளுக்கு உதவ ஆர்மீனியாவின் எச்மியாத்சினுக்கு விரைந்தார். 1921இல் யெரெவானில் நிலையாகக் குடியேறினார். அதே ஆண்டு கையெழுத்தான கார்ஸ் ஒப்பந்தம், ஆர்மீனியர்கள் புனிதமாகப் போற்றும் 5,137 மீட்டர் உயர ஆராரத் மலையைத் துருக்கியின் பக்கம் விட்டது. யெரெவானிலிருந்து மலை தெரியும்; ஆனால் அது நிற்பது எல்லைக்கு அப்பால். 1928இல் பாரிசிலிருந்து அவர் திரும்பியபோது, அங்கே வரைந்த ஓவியங்களில் பெரும்பாலானவை கப்பல் தீயில் எரிந்துபோயின. அதற்குப் பிறகும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வரைந்து, 1972இல்தான் மறைந்தார்.

இத்தனையும் தெரிந்தபின் அந்தப் பூமரங்களைப் பாருங்கள். அழகுக்காக மட்டும் அவர் அவற்றை வரையவில்லை என்று தோன்றுகிறது. பூத்த மரம் காய்க்கும். காய்க்கும்வரை இங்கே ஆள் இருப்பான். படம் சொல்வது அதைத்தான்.

ஆர்மீனியர் நமக்குப் புதியவர்கள் அல்லர். சென்னையின் அரண்மனைக்காரத் தெருவுக்கு ஆங்கிலத்தில் இன்றும் ஆர்மீனியன் தெரு என்றுதான் பெயர். உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794இல் அச்சானது அந்த மதராஸ் பட்டணத்தில். வணிகம் அவர்களை இன்னும் கிழக்கே, பினாங்கு, சிங்கப்பூர்வரை கொண்டுவந்தது. சிங்கப்பூரில் 1835இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம் இன்றும் நிற்கிறது.

ஜோகூர் நீரிணைக்கு அந்தப் பக்கம், தஞ்சோங் பகாரில் ஓர் ஆர்மீனியப் பெண்ணின் தோட்டம் இருந்தது. பெயர் ஆக்னஸ் ஜோகிம். 1854இல் சிங்கப்பூரிலேயே பிறந்தவர். இரண்டு ஆர்க்கிட்களைக் கலந்து அவர் உருவாக்கிய புதிய பூவை, தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி 1893இல் உலகுக்கு அறிவித்தார். தாய் தகப்பன் பூக்களில் ஒன்று, நம் பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்குச் சதுப்பில் களைபோல மண்டிக் கிடந்தது. 1899இல் ஆக்னஸ் காலமானார். 1981இல் அவர் பூ சிங்கப்பூரின் தேசிய மலரானது.

சர்யான் தம் மக்களின் மண்ணுக்குத் திரும்பிப் போய்ப் பூமரம் வரைந்தார். ஆக்னஸோ பிறந்த ஊரின் பூவிலேயே தம் பெயரை விட்டுச் சென்றார். ரப்பர் தோட்டத்து லயன் வீடுகளில் நம் பாட்டிமார் செய்ததும் இதைத்தான். பால்மரம் துரையுடையது, அதில் ஓர் இலைகூட அவர்களுக்குச் சொந்தமில்லை. கொல்லைப்புறத்தில் நட்ட முருங்கையும் கறிவேப்பிலையும் அவர்களுடையவை. தோட்டம் துண்டாடப்பட்டு லயன்கள் இடிந்த இடங்களில், வீடு இருந்த இடத்தைக் காட்ட ஒரு முருங்கை நின்றிருக்கும். அதுவும் பூத்திருக்கும்.

அடுத்த வாரம்: ஜோகூர் நீரிணையின் குறுக்கே 1,056 மீட்டர் நீளத்துக்குக் கல் கொட்டிய கதை.

(தொடரும்)