சமநிலமும் சரிவு நிலமும்

தானா ராத்தா என்னும் மலாய்ப் பெயருக்குச் சமநிலம் என்பது பொருள். 1885ம் வருஷம் வில்லியம் காமரன் அளக்க வந்த இம்மலைநாட்டில் சமநிலம் எவ்வளவு அரிது என்பதை அப்பெயரே சொல்லாமற் சொல்லுகின்றது. 1929ல் ரஸ்ஸல் என்பார் இங்கு ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அச்சரிவுகளில் கொழுந்து கிள்ளி உழைத்தவர்கள் நம் தமிழ் மக்கள்.

தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையே எஞ்சியுள்ள காட்டில் அடுக்கு வீடுகள் எழுப்பினால் ஊர் முன்னேறுமென்பார் உளர். யாருடைய முன்னேற்றம் என்று கேட்கின்றோம். ஓய்வெடுக்க வருவோருக்கு மாடியும், ஆற்றங்கரையில் வாழ்வோருக்குச் சேறுமா?

பெர்த்தாம் ஆறு இவ்விரு ஊர்களையும் கடந்தே ரிங்லெட் அணையை அடைகின்றது. விவசாயத்துக்காகவும் கட்டிடங்களுக்காகவும் சரிவுகளை வெட்டியதால் மண் கரைந்து ஆற்றில் இறங்கிற்று. 1960களில் எழுந்த அணையின் ஏரி தூர்ந்தது. 2013 அக்டோபர் 23ல் பெருமழையால் அணைநீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோயிற்று. மேலே வெட்டியவர் ஒருவர். கீழே மாண்டவர் மற்றொருவர்!

லண்டனைச் சூழ்ந்த பசுமையைக் காக்க ஆங்கிலேயர் 1938லேயே சட்டம் செய்தனர். அங்கே பசுமை போனால் காட்சி கெடும். இங்கே போனாலோ மலையே சரியும்.

வீடே வேண்டாமென்பது நம் கட்சியன்று. வாழ்நாளெல்லாம் உழைத்தும் சொந்தக் கூரையற்ற தொழிலாளிக்கு வீடு வேண்டும். அதைச் சமநிலத்தில், ஊருக்குள்ளேயே கட்டுக. சரிவு நிலம் காட்டுக்கே உரியது.