அலை எட்டும் எல்லையும் காஜியின் எல்லையும்

கடப்பாக்கத்தை அடுத்துள்ள ஆலம்பரைக் கோட்டை 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்டது என்பதைப் பலரும் அறிவர். அக்கரையை எட்டிய வானொலி அலைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. நாம் இங்கு எடுத்துக்கொள்வது அதனையே.

1924இல் சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் தோன்றிய ரேடியோ கிளப், பொருள் முடையால் 1927இல் ஓய்ந்தது. 1930 முதல் மாநகராட்சி ஒலிபரப்பு நடத்திற்று. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது. மறு ஆண்டே திருச்சி நிலையமும் வந்தது.

மத்திய அலை பகலில் தரையை ஒட்டியே செல்லும். உலர்ந்த மண் அதன் வலிமையை விழுங்கிவிடும். உப்புநீரோ அவ்வளவாக விழுங்காது. ஆதலால் கடலோர ஊர்கள் இதில் கொடுத்துவைத்தவை. இரவில் அயனமண்டலம் அலையைத் திருப்பி அனுப்புவதால் கொழும்பும் அண்டை வீடாகிவிடும். ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் 1952இல் திரைப்பாடல்களுக்குக் கடிவாளமிட்டபோது நம்மவர் இலங்கை வானொலிக்குத் திரும்பினர். பாட்டுக்காக மட்டுமன்று, அதன் முஸ்லிம் நிகழ்ச்சிகளுக்காகவும் ரமளானில் செவி சாய்த்தோர் பலர்.

சிக்கல் பிறந்தது தலைப்பிறையில்தான். (கடற்கரையூராயிற்றே, பிறை காண எளிது என எண்ணவேண்டா, பிறை தோன்றுவது மேற்கில், நமது கடலோ கிழக்கில்.) தலைமைக் காஜியின் அறிவிப்பை வானொலி நொடியில் ஊரெங்கும் சேர்த்தது. அக்குரல் ஷஹாதத் ஆகுமா, வெறும் கபர்தானா என்று உலமாக்கள் வாதிட்டனர். சாட்சி காஜியின் முன் நேரில் நிற்க வேண்டும், ஒலிபெருக்கியோ நிற்பதில்லை. எனினும் 1836இல் மறைந்த ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன், நகரத்துப் பீரங்கி முழக்கத்தைக் கேட்ட, அல்லது அங்கு ஏற்றிய விளக்குகளைக் கண்ட கிராமத்தார் நோன்பு நோற்க வேண்டும் என்றார். பீரங்கி சாட்சியன்று, தீர்ப்பின் அடையாளம். சென்னை நிலையத்தின் அறிவிப்பையும் நாம் அந்த இடத்திலேயே வைக்கிறோம்.

கொழும்பின் அறிவிப்பு அப்படியன்று. அலை எட்டும் இடமெல்லாம் காஜியின் அதிகாரம் எட்டுவதில்லை. தூரத்துப் பிறையை ஏற்பதில் ஹனஃபிகளின் பெயர் பெற்ற கருத்து தாராளமானது; ஷாஃபிஈகளோ உதய வேறுபாட்டைக் கணக்கில் கொள்வர். பின்னவர் சான்றாகக் காட்டுவது முஸ்லிம் நூலில் வரும் குறைபு (ரஹ்) அவர்களின் செய்தியை. ஷாமில் வெள்ளி இரவே பிறை கண்டு, முஆவியா (ரலி) அவர்களும் நோன்பு நோற்றதாக அவர் மதீனாவில் வந்து சொன்னார். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அதனை ஏற்கவில்லை. தாங்கள் சனி இரவே பிறை கண்டதாகவும், அந்தக் கணக்கிலேயே முப்பதை நிறைவு செய்யப்போவதாகவும் கூறிவிட்டார்கள்.