பம் தொடக்கம் பேஸ் வரை: நான்கு தந்திகளின் கணக்கு

கொஞ்சம் நீண்ட பதிவுதான். தேநீரோடு ஆறுதலாக வாசியுங்கள்.

பத்தாம் நூற்றாண்டில் பஸ்ரா நகரில் 'இக்வானுஸ் ஸபா' என்றொரு அறிஞர் குழு இருந்தது. தம் பெயர்களை வெளியே சொல்லாமல் பல துறைகளைப் பற்றியும் மடல்கள் எழுதியவர்கள். அவற்றுள் ஒன்று இசை பற்றியது. ஊத் என்ற கருவிக்குத் தந்தி கட்டுவது எப்படி என்று அதில் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். 'பம்' எனும் தடித்த தந்திக்கு 64 பட்டிழை. அடுத்த 'மத்லத்' தந்திக்கு 48, 'மத்னா'வுக்கு 36, மெல்லிய 'ஸீர்' தந்திக்கு 27. ஒவ்வொன்றும் முன்னதில் நான்கில் மூன்று பங்கு. தரம் ஆறு பிள்ளையும் போடக்கூடிய கணக்கு.

அவர்களுக்கு முன்னரே, ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில், அல்கிந்தி இதே வேலையைச் செய்திருக்கிறார். பம் தந்திக்கு நான்கு மடிப்பு முறுக்கிய குடல் இழை, மத்லதுக்கு மூன்று மடிப்பு, மேலிரண்டுக்கும் பட்டு. மேல் தந்திகளை இறுக்கி இழுக்க வேண்டும்; அவ்வளவு மெல்லிய குடல் அறுந்துவிடும், பட்டு தாங்கும், ஒலியும் தெளிவு என்று காரணமும் சொல்கிறார். மீலாத் மேடைகளில் அல்கிந்தி, அல்பாராபி என்று பெயர்களை வரிசையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். அவர்கள் எதை அளந்தார்கள் என்று கேட்டால் சபையில் சத்தமில்லை. (இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தை இங்கே தொடங்க வேண்டாம். அதற்கு உலமாக்கள் இருக்கிறார்கள். நாம் பேசுவது சரித்திரமும் கணக்கும்.)

அந்தக் கணக்கு இன்றும் சாகவில்லை. கொழும்பில் பேண்ட் ஒன்று வாசிப்பதைப் பார்த்திருந்தால், ஆளுயர வயலின் போல ஒரு கருவியை அணைத்து நின்று விரலால் சுண்டுவதைக் கண்டிருப்பீர்கள். அது டபுள் பேஸ். அதன் பெரிய வயிற்றை எடுத்துவிட்டு, கழுத்தும் ஒரு கட்டையும் மட்டும் வைத்து, ஒலியை மின்சாரத்தால் எடுப்பதே எலெக்ட்ரிக் அப்ரைட் பேஸ். இரண்டிலும் நான்கு தந்திகள்: ஈ, ஏ, டி, ஜி. அதிர்வெண் முறையே 41.2, 55, 73.4, 98 ஹேர்ட்ஸ். 55ஐ 41.2ஆல் வகுத்துப் பாருங்கள். மூன்றுக்கு நான்கு. பஸ்ராவின் அதே விகிதம். ஊத் அந்தலூசியா வழியாக ஐரோப்பாவுக்குப் போய், 'அல்ஊத்' என்ற பெயரே 'லூட்' ஆனது. ஆனால் 'பம்'மும் 'பேஸ்'உம் ஒரே சொல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முன்னது பாரசீகம், பின்னது இலத்தீன்.

கணித ஆசிரியர்களுக்காக ஒன்று. இழையை 4:3 என்று குறைத்தால் மட்டும் சுரம் 4:3 ஆக உயராது. ஒரே நீளத்தில், ஒரே இழுவையில், அதிர்வெண் எடையின் வர்க்கமூலத்தைத்தான் பின்தொடரும். 1636இல் பிரான்ஸில் மெர்சென் இதை விதியாக எழுதினார். ஆகவே இக்வான்களின் ஒவ்வொரு மேல் தந்தியையும் கீழ்த் தந்தியைவிட மூன்றிலொரு பங்கு கூடுதலாக இழுத்துக் கட்டியிருக்க வேண்டும். மீதியை முறுக்காணியும் காதும் பார்த்துக்கொண்டன.

இனிப் பொருளுக்கு வருவோம். தமிழில் யாழின் தந்திக்கு நரம்பு என்று பெயர். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் 1947இல் வெளிவந்த 'யாழ் நூல்' முழுவதும் இந்த நரம்புகளைத்தான் கணக்கிட்டார். டபுள் பேஸுக்கும் நூற்றாண்டுக் கணக்கில் கட்டியது ஆட்டுக் குடல்தான். ஹஜ்ஜுப் பெருநாளன்று நம் வீடுகளில் பாபத் கறி ஆக்குகிறோமே, அது இரைப்பை. தந்திக்குப் போவது சிறுகுடல். கழுவி, சுரண்டி, ஈரத்தோடு பல இழைகளைச் சேர்த்து முறுக்கி, காயவைத்து மெருகிடுவார்கள். இத்தாலியின் அப்ருஸோ மலைப்பகுதியில் ஸாலே என்ற சின்னக் கிராமமே இந்தத் தொழிலில் வாழ்ந்தது. அங்கிருந்து 1905இல் நியூயோர்க் போன தடாரியோ குடும்பத்தின் பெயர் இன்றும் தந்திப் பக்கெட்டுகளில் இருக்கிறது.

குடலுக்கு ஒரு குணம்: ஈரத்தை உறிஞ்சும், சுரம் மாறும். ராத்தீபுக்கு முன் பக்கீர்மார் றபானை நெருப்பில் காட்டுவது ஏன் என்று நமக்குத் தெரியும். ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிடுகிறது. இரண்டும் மிருகத்தின் உடம்பிலிருந்து வந்தவைதானே. நக்கிள்ஸ் மலை மூடுபனி இறங்கும் ரத்தோட்டைப் பக்கம் குடல் தந்தி கட்டிய பேஸை வைத்துச் சுரம் காப்பது பெரும்பாடு.

1660களை ஒட்டி, குடல் மேல் மெல்லிய உலோகக் கம்பியைச் சுற்றும் வழி ஐரோப்பாவில் வந்தது. தந்தியை மேலும் தடிப்பாக்காமலே எடை கூடியது. கீழ்ச்சுரக் கருவிகளின் தலையெழுத்தை மாற்றியது இதுதான் என்பது நம் எண்ணம்.

1958இல் டேவ் புரூபெக்கின் ஜாஸ் குழு இலங்கைக்கும் வந்தது. டபுள் பேஸ் வாசித்தவர் யூஜின் ரைட். அதே ஆண்டு நியூயோர்க்கில் தெலோனியஸ் மங்க்குடன் பேஸ் வாசித்துக்கொண்டிருந்தவர் அஹ்மத் அப்துல் மாலிக் என்ற முஸ்லிம் கலைஞர். ஊத்தும் வாசிப்பார். 'ஜாஸ் சஹாரா' என்ற இசைத்தட்டை அந்த ஆண்டிலேயே பதிவு செய்தார். பம் தந்தியும் பேஸ் தந்தியும் ஒரே மனிதரின் விரலில் சந்தித்த இடம் அது.

மின்சாரம் வந்தபோது குடலுக்கு வேறொரு சோதனை. 1930களின் நடுவில் ரிக்கன்பேக்கர் போன்ற அமெரிக்கக் கம்பனிகள் மின் பேஸ்களைச் செய்யத் தொடங்கின. காந்த பிக்அப் இரும்புச் சத்துள்ள தந்தியின் அசைவை மட்டுமே உணரும். குடலும் நைலோனும் அதற்குக் கண்ணுக்குத் தெரியாத பொருள்கள். 1951இல் பெண்டர் கம்பனியின் பேஸ் கிட்டார் வந்ததும் உருக்குத் தந்தி அரசாட்சியைப் பிடித்தது. 1962இல் ஆம்பெக் 'பேபி பேஸ்' என்ற நிமிர்ந்த கருவியை வெளியிட்டது. நியூயோர்க்கின் லத்தீன் ஆட்டக் குழுக்கள் அதை விடவே இல்லை.

சமீபத்தில் நம் பழைய மாணவர் ஒருவர், கொழும்பில் வாசிக்கிறவர், பாவித்த அப்ரைட் பேஸ் ஒன்றை வாங்கினார். பழைய குடல் ஓசை வேண்டும் என்று ஆசைப்பட்டு, மேலிரண்டும் வெறும் நைலோனாக உள்ள தந்தி செட் ஒன்றை வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தார். ஒரு மாதச் சம்பளம் போனது. அம்பில் போட்டால் டியும் ஜியும் ஊமை. அவர் கருவியில் இருந்தது காந்த பிக்அப். "சேர், தந்தி பழுதா?" என்று கேட்டார். தந்தியில் பழுதில்லை. கேட்கும் காதுக்கு ஏற்ற தந்தி அதுவல்ல.

ஆகவே முதலில் குதிரையின் அடியைப் பாருங்கள். அங்கே பீஸோ இருந்தால் அது அழுத்தத்தை உணரும்; குடல், நைலோன், உருக்கு எதுவும் பேசும். தந்திக்கு அடியில் காந்தம் இருந்தால் உருக்கு வேண்டும். வியன்னாவின் தொமாஸ்டிக் கம்பனி செய்யும் ஸ்பிரோகோர் போன்ற கயிற்று உருக்குத் தந்திகள் சுண்டினால் நீண்டு ஒலிக்கும். வில்லுக்குக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அடுத்தது நீளம். முழு அளவுக் கருவியில் குதிரையிலிருந்து கழுத்து முனை வரை ஏறத்தாழ 105 சென்றிமீற்றர், பேஸ் கிட்டாரில் 86. சில அப்ரைட் பேஸ்கள் கிட்டார் அளவிலேயே வருகின்றன. அளக்காமல் வாங்க வேண்டாம்.

கட்டும்போது நான்கையும் ஒன்றாகக் கழற்றக் கூடாது. பெரும்பாலான கருவிகளில் குதிரையை நிறுத்தி வைத்திருப்பது தந்திகளின் அழுத்தம்தான். உருக்குத் தந்தி ஒன்றின் இழுவை ஏறத்தாழ 30 கிலோ. ஒன்றைக் கழற்றி, அதன் இடத்தில் புதியதைக் கட்டி, சுரத்துக்குக் கிட்டக் கொண்டுவந்த பிறகே அடுத்ததைத் தொடவேண்டும். குதிரையிலும் கழுத்து முனையிலும் உள்ள பள்ளங்களில் பென்சில் கூரைத் தேய்த்துவிட்டால் தந்தி சிக்காமல் வழுக்கும். முறுக்க முறுக்கக் குதிரை கழுத்துப் பக்கம் சாயும். இடையிடையே இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்துங்கள். புதிய தந்தி நாலைந்து நாள் இளகிக்கொண்டே இருக்கும். முதல் நாளே கச்சேரிக்குக் கொண்டுபோக வேண்டாம்.

கழற்றிய உருக்குத் தந்தியை வீசாமல் சுருட்டி வையுங்கள். கச்சேரி நடுவில் ஒன்று அறுந்தால், மாத்தளையில் இரவு பத்து மணிக்கு அதை விற்கும் கடை கிடையாது.